ஆளில்லாத ஊருக்கு வந்துட்டேன், ஆனா எல்லாருக்கும் என்னைத் தெரியுது

#1 கடைசிப்பேருந்து | இரவு 2:40

ஒரு வருஷமா இங்க சத்தமில்லாம படிச்சிட்டு இருக்கேன். எழுதுறது இதான் முதல் தடவை. நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

ரெண்டு வருஷம் ஒருத்தன் என் பின்னாடியே இருந்தான். காதலன் இல்ல, முன்னாள் கணவன் இல்ல. வேலை விஷயமா நாலு மாசம் பேசிப் பழகின ஆள், அவ்வளவுதான். வேண்டாம்னு ஒரே ஒரு தடவை, ஆனா தெளிவா சொன்னேன். அதுக்கப்புறம் நாளுக்கு முப்பது அழைப்பு, வாசல்ல ஏதாவது பொருள், நான் போற இடத்துக்கு எனக்கு முன்னாடியே வந்து நிக்கிறது. அடிச்சதில்ல. மிரட்டினதுகூட இல்ல. புகார் கொடுக்கப் போனா அதுவே வம்பாப் போச்சு. "என்னம்மா செஞ்சார்?"னு கேப்பாங்க. "நின்னார்"னு சொல்லணும்.

எட்டு மாசம் முன்னாடி எல்லாத்தையும் விட்டுட்டுக் கிளம்பினேன். கணினி இருந்தா போதும், என் வேலையை எங்கேருந்தும் செய்யலாம். ரோடு முடியுற இடமா பாத்துத் தேடினேன். நாப்பது வீடு இருந்தா அதிகம். நாளுக்கு ரெண்டு பேருந்து. ஆளே இல்லாத இடத்துக்குப் போயிட்டா யாருக்கும் தெரியாதுன்னு கணக்குப் போட்டேன்.

முன்ன இருந்த நகரத்துல ஆறு வருஷம் ஒரே வீடு, பக்கத்து வீட்டுக்காரருக்கு என் பேர் தெரியாது. இங்க வந்த மூணாவது நாள் ஒரு அம்மா கேக்கறாங்க, "ராத்திரி மூணு மணி வரைக்கும் உங்க வீட்ல விளக்கு எரியுதே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" அக்கறையாத்தான் கேட்டாங்க. நான் உள்ள போய் தாழ்ப்பாள் போட்டுட்டு தரையிலயே உக்காந்துட்டேன்.

அடுத்த கூத்து, பொய். ஒருத்தர்கிட்ட கணவர் வெளிநாட்டுல இருக்கார்னு சொன்னேன். இன்னொருத்தர்கிட்ட கல்யாணமே ஆகலைன்னு சொல்லிட்டேன். பெரிய ஊர்ல ரெண்டு பொய்யும் ஒண்ணையொண்ணு பாக்காமலே செத்துப் போகும். இங்க ஒரே வாரத்துல சந்திச்சிருச்சு. இப்ப நான் எதையோ பண்ணிட்டு ஓடி வந்தவள்னு பேச்சு. ஓடி வந்தவள்தான், அதை மறுக்க முடியல.

உண்மையைச் சொல்லலாமா? யார்கிட்ட? எவ்வளவு? சொன்னா அது எங்க போய் நிக்கும்?

என் ஜன்னல்லேருந்து எடுத்த படம் இணைச்சிருக்கேன். இவ்வளவு அழகான இடத்துல உக்காந்து பயப்படுறேன், சிரிப்பா வருது.

#2 மட்டுறுத்துநர் | இரவு 2:58

வருக. உங்கள் பதிவில் இருந்த படத்தை நீக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பை எங்கள் தளம் அழித்துவிடும். ஆனால் மலைமுகட்டின் வடிவத்தை அழிக்க முடியாது. அந்த வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று கண்டுபிடிப்பதைப் பொழுதுபோக்காகவே செய்பவர்கள் இருக்கிறார்கள்.

மற்றவர்களுக்கு: எந்த நாடு, எந்த மாவட்டம், என்ன வேலை என்று இந்த இழையில் யாரும் கேட்க வேண்டாம். கேட்டால் பதிவு போய்விடும்.

#3 நேர்ப்பாதை | காலை 7:10

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. தப்பு செய்தவன் அவன். வீட்டை, வேலையை, நண்பர்களை விட்டுவிட்டுப் போனது நீங்கள். இது என்ன நியாயம்? எல்லோரும் இப்படியே கிளம்பிப் போனால் அவனைப் போன்றவர்களுக்கு ஊரையே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகாதா? நின்று போராடியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

#4 ஆந்தை | காலை 7:32

#3க்கு: நான் நின்னு போராடினவ. மூணு வருஷம். நியாயம் என் பக்கம்தான் இருந்துச்சு, தூக்கம்தான் இல்ல. இதுக்கு மேல உங்களுக்குப் பதில் எழுத எனக்குத் தெம்பில்ல, தப்பா நினைக்காதீங்க.

கடைசிப்பேருந்து, நான் கிளம்பி ஆறு வருஷம் ஆச்சு. உங்க பதிவைப் படிச்சப்போ அந்த விளக்கு விஷயத்துல அப்படியே நின்னுட்டேன். எனக்கு நாய்க் குரைப்பு. ராத்திரி ஒரு நாய் குரைச்சா எந்தத் திசை, எவ்வளவு தூரம், எத்தனை தடவைன்னு மனசு தானா கணக்கெடுக்கும். இடம் மாறினதும் உடம்புக்குச் சேதி போய்ச் சேர ரொம்ப நாள் ஆகுது. எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. நடுவுல ஒரு மனநல மருத்துவர்கிட்ட போனேன். முன்னாடியே போயிருக்கலாம்.

ஊர்ல சொல்றதைப் பத்தி: நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். அவங்க கெட்டவங்க இல்ல, பரிதாபப்பட்டு இன்னும் நாலு பேர்கிட்ட சொன்னாங்க. அன்னைலேருந்து என் பேரு போயி நான் "அந்தப் பொண்ணு" ஆயிட்டேன். இன்னைக்கும் அப்படித்தான். பரிதாபமும் ஒரு வகையில பின்னாடியே வர்றதுதான், அனுபவிச்சவங்களுக்குப் புரியும். அதனால என் ஓட்டு: சொல்லாதீங்க.

#5 கம்பியில்லா | காலை 9:05

தொழில்நுட்பப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஆனால் ஆளில்லாத இடத்தில் யாருக்கும் தெரியாது என்று நீங்கள் போட்ட கணக்கு தப்பு என்பதற்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை.

ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி 2017 கடைசியில் ஒரு உலக வரைபடம் வெளியிட்டது. பயனர்கள் ஓடிய, நடந்த தடங்களையெல்லாம் சேர்த்து வெளிச்சக் கோடுகளாகக் காட்டும் படம். பெயர் கிடையாது, யார் என்று தெரியாது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பாலைவனத்தின் நடுவே ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் தனியாக மின்னுவதைச் சுட்டிக்காட்டினார். பெருநகரங்களில் லட்சக்கணக்கான கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து யாரும் யாரென்று தெரியவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் காலையில் நாலு பேர் ஓடினால் அது விளக்குப் போட்ட மாதிரி தெரிந்தது.

ஒதுங்கிய ஊரில் உங்கள் கைபேசியும் அப்படித்தான். நகரத்தில் பத்தாயிரம் பேர் போடும் படம் இங்கே நீங்கள் ஒருவர் போடுவது. ஆகவே நடைக்கணக்குச் செயலி, கடைகளுக்கு எழுதும் விமர்சனம், இருப்பிடம் பகிரும் வானிலைச் செயலி எல்லாவற்றையும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அதைவிட முக்கியம், பழைய கணக்குகள். உங்கள் பழைய டேப்லெட் எங்காவது இன்னும் உங்கள் கணக்கில் திறந்தே கிடக்கிறதா? கடவுச்சொல் மாற்றினால் மட்டும் போதாது, எந்தெந்தக் கருவிகள் உள்ளே இருக்கின்றன என்ற பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியேற்ற வேண்டும். ஐபோனில் 2022இலிருந்து இதற்கென்றே பாதுகாப்புச் சோதனைப் பகுதி இருக்கிறது.

சாமான்களோடு ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்ததா என்றும் பாருங்கள். ஏர்டேக், அதாவது தான் இருக்கும் இடத்தை உரிமையாளருக்குக் காட்டும் ஆப்பிளின் சிறு கருவி, 2021இல் வந்தது, ஒரு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. தெரியாத ஒன்று உங்களோடு நகர்ந்தால் ஐபோன் எச்சரிக்கும். 2024 மே மாதத்திலிருந்து ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து கொண்டுவந்த முறையால் ஆண்ட்ராய்டிலும் அந்த எச்சரிக்கை வரும். கிடைத்தால் உடனே உடைத்துப் போடாதீர்கள், அது ஆதாரம். கிடைத்த இடத்திலேயே படம் எடுங்கள். வீட்டில் இருக்கும்போதே பேட்டரியைக் கழற்றினால், கடைசியாகப் பதிந்த இடம் உங்கள் வீடாகவே நிற்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

#6 மேட்டுவீடு | மதியம் 1:20

நான் இந்த மாதிரி ஒரு ஊர்லயே பொறந்து அறுபது வருஷமா இருக்கிறவன். வந்தவங்க பக்கம் எல்லாரும் பேசியாச்சு, இருக்கிறவங்க பக்கம் நான் பேசறேன்.

தங்கச்சி, புதுசா ஒருத்தர் தனியா வந்து குடியேறினா எங்களுக்குள்ள நாலே நாலு கதைதான் ஓடும். கடன், போலீசு, குடும்பச் சண்டை, வியாதி. அவங்களா எதுவும் சொல்லலைன்னா நாங்களே நாலுல ஒண்ணை எழுதி ஒட்டிருவோம். கெட்ட எண்ணம் இல்ல. சாயங்காலம் வேற வேலை இல்ல.

ஆந்தை அம்மா சொல்றது நிசம், மறுக்கல. ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு அந்த ஆள் பேருந்துலேருந்து இறங்குறான். நல்ல சட்டை, கையில பை, முகத்துல கவலை. "நான் அவங்க அண்ணன், வீட்ல ஒரு அவசரம், போன் எடுக்க மாட்டேங்கறா"ங்கறான். நாங்க என்ன செய்வோம்னு நினைக்கிறீங்க? பையை வாங்கித் தூக்கிட்டு உங்க கதவு வரைக்கும் கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போவோம். எங்களுக்குத் தெரிஞ்ச நல்ல பழக்கம் அது. நீங்க சொல்லலைன்னா அந்த நல்ல பழக்கமே உங்களுக்கு எமன்.

நகரத்துல உங்களை யாருக்கும் தெரியாது, சரி. அவனையும் யாருக்கும் தெரியாது. அங்க அவன் உங்க வாசல்ல நாள் முழுக்க நின்னாலும் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. எங்க ஊர்ல பத்து நிமிஷம் சும்மா நிக்கச் சொல்லுங்க பாப்போம்.

#7 ஆந்தை | மதியம் 1:51

மேட்டுவீடு ஐயா, அந்த "அண்ணன்" விஷயத்தை நான் யோசிச்சதே இல்ல. வயித்தைப் பிசையுது.

என் முகவரி கசிஞ்சது ஊர் வழியா இல்ல. என் சித்தி வழியா. அவங்களுக்கு ஒரு அழைப்பு: "கூரியர்லேருந்து பேசறோம், உங்க பொண்ணு பேருக்கு ஒரு பார்சல், முகவரி பாதிதான் இருக்கு." பாவம், மீதியைச் சொல்லிட்டாங்க. அதனால உங்க மேல பாசமா இருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல சொல்லி வைக்கணும். முடிஞ்சா அவங்களுக்கு முகவரியே தெரியாம இருக்கிறது நல்லது. என் சித்தி இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவாங்க. அவங்களைச் சமாதானப்படுத்துறது எனக்குத் தனி வேலை.

#8 சட்டப்புத்தகம் | மாலை 6:15

"நின்னார்னு சொல்லணும்" என்ற வரியைப் படித்துவிட்டு வந்தேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பல நாடுகளில் சட்டமே மாறியது.

1989இல் ரெபெக்கா ஷேஃபர் என்ற அமெரிக்க நடிகையை, அவரை வெறித்தனமாகப் பின்தொடர்ந்த ஒருவன் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். வீட்டு முகவரியை அவன் ஒரு தனியார் துப்பறிவாளர் மூலம் வாங்கியிருந்தான். அது வந்தது கலிபோர்னியா மாநில வாகனத் துறையின் பதிவிலிருந்து. மறு ஆண்டு, 1990இல், கலிபோர்னியா பின்தொடர்தலையே குற்றமாக்கியது. வாகனப் பதிவு விவரங்களைக் கண்டவர்களுக்கும் கொடுப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1994இல் வந்தது. ஜப்பான் 2000இலும், ஜெர்மனி 2007இலும் தனிச் சட்டம் கொண்டுவந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997இலேயே தொல்லைக்கு எதிரான சட்டம் இருந்தது, பின்தொடர்தல் என்று பெயர் சொல்லிக் குற்றமாக்கியது 2012இல். இந்தியாவில் 2013இல் குற்றவியல் சட்டத்தில் வந்த திருத்தம். அதில் அடியோ மிரட்டலோ தேவையில்லை. விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிவித்த பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயன்றால் போதும். அந்த ஒரு தடவை "வேண்டாம்" சொன்னீர்களே, அது ஏதாவது எழுத்தில் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

இனி உங்களுக்கு உடனே பயன்படுவது. முகவரி கசிவது பெரும்பாலும் காகிதத்தில். பாதுகாப்பு உத்தரவு கேட்டு நீதிமன்றம் போனால் மனுவில் உங்கள் புது முகவரி இருக்கும், அதன் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். முகவரியை மறைத்து வைக்கக் கோரலாமா என்று வழக்கறிஞரிடம் முதல் நாளே கேளுங்கள், மனு போட்ட பிறகு அல்ல. வாக்காளர் பட்டியல், சொத்துப் பதிவு, வாகனப் பதிவு, வளர்ப்பு நாயின் சிப் பதிவு, மருத்துவமனைக் கணக்கில் "அவசரத்துக்கு அழைக்க" என்று முன்பு எழுதிய பெயர், இவ்வளவையும் ஒருமுறை பாருங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1991இல் ஒரு திட்டம் தொடங்கியது: பாதிக்கப்பட்டவருக்கு அரசே ஒரு மாற்று முகவரி தரும், எல்லாத் தபாலும் அங்கே போய் அங்கிருந்து வந்து சேரும். பிறகு வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. நீங்கள் இருக்கும் இடத்தில் அப்படி ஒன்று இருந்தால் முதல் வேலையாகச் சேருங்கள்.

நேர்ப்பாதை நண்பருக்கு: இடம் மாறுவதும் வழக்கு நடத்துவதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்துகொண்டு வழக்கு நடத்துபவர்கள் நிறையப் பேர்.

#9 நேர்ப்பாதை | மாலை 6:40

நான் சொன்னது அமைப்பை, அவரை அல்ல. கருத்தில் மாற்றமில்லை. ஆனால் சொன்ன நேரம் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

#10 கடைசிப்பேருந்து | இரவு 1:15

எல்லாருக்கும் நன்றி. மட்டுறுத்துநருக்குத் தனியா. அந்த மலைமுகடு விஷயம் படிச்சதும் கை நடுங்கிருச்சு, பழைய கணக்குல போட்டிருந்த இன்னும் ரெண்டு படத்தையும் எடுத்துட்டேன்.

மேட்டுவீடு அண்ணா சொன்ன "அண்ணன்" எனக்கு ஏற்கெனவே நடந்திருக்கு, இப்பதான் ஞாபகம் வருது. பழைய அலுவலகத்துல காவலாளிகிட்ட என் உறவினர்னு சொல்லி ஒரு நாள் உள்ளயே வந்துட்டான். ஆக, சொல்லணும். எப்படின்னுதான் தெரியல. வாயைத் திறந்தா முழுக் கதையும் வந்துரும், அழுதுருவேன். அழுதுட்டா ஆந்தை சொன்ன மாதிரிதான் ஆகும்.

இன்னொரு கேள்வி. பழைய எண்ணை இன்னும் மூடல. ஒரு பழைய போன்ல அப்படியே கிடக்கு. மூடிரலாமா?

#11 ஆந்தை | இரவு 1:22

மூடாதீங்க! மூடினா எண் மாத்திட்டீங்கன்னு அவனுக்குத் தெரியும், புது எண்ணைத் தேட ஆரம்பிப்பான். அது பாட்டுக்கு அடிக்கட்டும். ஆனா அந்த போனை நீங்க வச்சிருக்காதீங்க, அது உங்க ஊர்லயே இருக்கக் கூடாது. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட, வேற ஊர்ல குடுத்து வையுங்க. தேதி, நேரம், என்ன வந்துச்சுன்னு அவங்க குறிச்சு வைப்பாங்க. எதையும் அழிக்க வேண்டாம், எதுக்கும் பதில் போடவும் வேண்டாம். முப்பது தடவை சும்மா இருந்துட்டு முப்பத்தோராவது தடவை திட்டுறதுக்குன்னு எடுத்தாக்கூட, முப்பத்தொண்ணு தடவை கூப்பிட்டா எடுப்பாங்கன்னுதான் அவனுக்குப் பாடமாகும். நான் அப்படித்தான் பாடம் நடத்தினேன், ஒரு வருஷம்.

சொல்றதுக்கு என் வழி. ஓட்டை மாத்திக்கிட்டேன், மேட்டுவீடு ஐயா ஜெயிச்சுட்டாரு. கதை சொல்லாதீங்க, வேலை சொல்லுங்க. "ஒரு ஆள் என்னைத் தேடி வரலாம். யாருன்னு சொல்லிக்கிட்டு வந்தாலும் நான் இங்க இல்லைன்னு சொல்லிருங்க. உடனே எனக்கு ஒரு போன் பண்ணுங்க." மூணே வரி. ஏன்னு கேட்டா, "இப்ப சொல்ற நிலைமையில இல்ல"ன்னு நிறுத்திக்கோங்க. கையில வேலை குடுத்துட்டா ஜனங்க கதை கேக்குறது குறையும்.

#12 மேட்டுவீடு | காலை 6:02

அந்தம்மா சொன்னது சரி. யார்கிட்டன்னு நான் சொல்றேன். நிறையப் பேசறவங்ககிட்ட வேண்டாம். பேசாம பாத்துக்கிட்டே இருக்கிற ஆள் ஒண்ணு ரெண்டு எல்லா ஊர்லயும் உண்டு. பேருந்து ஓட்டுறவர், தபால் பிரிக்கிறவங்க. ஊருக்குள்ள யார் வந்தாலும் அவங்க கண்ணைத் தாண்டித்தான் வரணும். அவன் படம் இருந்தா உங்க போன்ல காட்டுங்க, அனுப்பாதீங்க. அனுப்பினா அது சாயங்காலத்துக்குள்ள அடுத்த ஊர்ல இருக்கும்.

போன் சிக்னல் எப்படி அங்க? அதை யாரும் கேக்கவே இல்லையே.

#13 கம்பியில்லா | காலை 8:47

நல்ல கேள்வி, நான் கேட்டிருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் பொதுவாக அவசர அழைப்பு போகும், அதனால் திரையில் சிக்னல் கோடு இல்லையென்று முயலாமல் இருந்துவிடாதீர்கள். எதுவுமே எட்டாத இடம் என்றால் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி ஐபோன் 14இலிருந்து இருக்கிறது, ஆனால் எல்லா நாட்டிலும் இல்லை. காவல் நிலையம் வண்டியில் எவ்வளவு நேரம் என்பதையும் ஒருநாள் போய்ப் பார்த்துவிடுங்கள். அது ஒரு மணி நேரம் என்றால் உங்கள் முதல் உதவி காவல்துறை அல்ல, பக்கத்து வீடு.

#14 கடைசிப்பேருந்து | இரவு 12:30 (ஐந்து வாரம் கழித்து)

வந்துட்டேன். கோபம் எதுவும் இல்ல, சொல்ற மாதிரி எதுவும் இல்லாததால எழுதல.

தபால் பிரிக்கிற அம்மாகிட்டதான் சொன்னேன். அதே விளக்கு அம்மா! மூணு வரியை வீட்டுல பத்து தடவை சொல்லிப் பாத்துட்டுப் போனேன். ரெண்டாவது வரியிலயே அவங்க கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. என்னைப் பாத்து உச்சுக் கொட்டல, கட்டிப் பிடிக்கல. "எவ்வளவு உயரம்? வண்டியில வருவானா, பேருந்துலயா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் தபாலைப் பிரிக்கப் போயிட்டாங்க. பேருந்து ஓட்டுறவருக்கு அவங்களே சொல்லிட்டாங்கன்னு ரெண்டு நாள் கழிச்சுத் தெரிஞ்சுது. எப்படின்னா, நான் ஏறினதும் அவர் ஒண்ணும் பேசாம கண்ணாடியைத் திருப்பி, பின்னாடி வர்ற ரோடு எனக்கும் தெரியற மாதிரி வச்சார்.

போன வாரம் மூணு போன் ஒரே நேரத்துல. "ஒரு ஆள் வந்திருக்கான், உங்க வீட்டு வழி கேக்கறான், பை வச்சிருக்கான்." எனக்கு உயிரே இல்ல. பின்வாசல் சாவி ஒரு கையில, போன் ஒரு கையில. கடைசியில பாத்தா நிலம் அளக்க வந்த மனுஷன். அவரை ரோட்லயே உக்கார வச்சு அடையாள அட்டை, அலுவலக எண், மேலதிகாரி பேரு எல்லாம் கேட்டு முக்கால் மணி நேரம் வாட்டி எடுத்திருக்காங்க. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ரொம்ப நல்ல மாதிரி. இனிமே கீழேருந்தே போன் பண்ணிட்டு வரேன்னார்.

பொய் ரெண்டும் அப்படியே இருக்கு. கணவர் இன்னும் வெளிநாட்டுலதான் இருக்கார். யாரும் அவரைப் பத்திக் கேக்குறதில்ல.

#15 மேட்டுவீடு | காலை 5:50

முக்கால் மணி நேரம் கம்மி. எங்க ஊரா இருந்தா சாயங்காலப் பேருந்துக்குத்தான் விட்டிருப்போம்.

#16 புதியவர்_04 | இரவு 2:11

இழை முழுசும் இப்பதான் படிச்சேன். நானும் வர்ற வாரம் கிளம்பணும். யாருக்கும் சொல்லல. பழைய எண்ணை யார்கிட்ட குடுக்கறதுன்னுகூடத் தெரியல, அப்படி ஒருத்தர் எனக்கு இல்ல. யாராவது இருக்கீங்களா இப்ப?

#17 கடைசிப்பேருந்து | இரவு 2:13

இருக்கேன். எந்த ஊரு, எங்க போறீங்கன்னு இங்க எழுதாதீங்க. தனிமடல் திறந்து வச்சிருக்கேன், வாங்க. விளக்கு எரிஞ்சிட்டுதான் இருக்கு.